சரிவு நிலத்தில் வீடு: தண்ணீரைக் கேட்டுவிட்டு நூல் பிடிப்போம்

‘நிலம் வாங்கியாச்சு, போர் போட்டாச்சு, வேலி அடைச்சாச்சு, அடுத்து வீடுதான்’ என்று நிற்கிற நண்பர்கள் நம் இயக்கத்தில் இப்போது அதிகம். அதிலும் மலையடிவாரத்தில் நிலம் வாங்கியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘ஜேசிபி வச்சு நிரவிட்டுத்தானே கட்டணும்?’ என்பதுதான். வேண்டியதில்லை. நிரவாமலே, ஒரு படிகூட ஏறி இறங்காத வீட்டைச் சரிவில் கட்ட முடியும். நாங்கள் கட்டிக் குடியிருக்கிறோம். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. என்னென்ன யோசித்தோம், எதை எதற்குப் பக்கத்தில் வைத்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் நிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடன் பிரிவில் பல வருடம் இருந்ததால் வீட்டுக் கடனுக்கு வந்த பிளான்கள் நூற்றுக்கணக்கில் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அறை அளவு இருக்கும், கதவு ஜன்னல் இருக்கும், வடக்குத் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அம்புக்குறி போட்ட பிளான் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. சமநிலத்தில் அது பெரிய குறை இல்லை. சரிவில் அதுதான் முதலில் போட வேண்டிய கோடு.

எங்கள் நிலம் திண்டுக்கல் மாவட்டத்தில், சிறுமலையின் மேற்கு அடிவாரத்தில், அம்பாத்துரைப் பக்கம் இருக்கிறது. மூன்றரை ஏக்கர். கிழக்கே மலை, மேற்கே இறக்கம். மேலே சரளை, கீழே போகப் போக நல்ல செம்மண். குடியிருக்கப் போகிறவர்கள் அம்மா (அப்போது 84 வயது), மூட்டுவலிக்காரியான என் மனைவி, அறுபதைத் தாண்டிய நான். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் என்றைக்காவது குடும்பத்தோடு திரும்பி வந்தால் அவனுக்கும் இடம் வேண்டும். பணிக்கொடைப் பணம் ஒருமுறைதான் வரும். அதில் ஒரு வீடுதான் கட்ட முடியும்.

சரிவுக்கு வழக்கமாகச் சொல்லும் யோசனை, படிப்படியாக இரண்டு மூன்று மட்டத்தில் தளம் போடுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போகிற 84 வயது அம்மாவுக்கு வீட்டுக்குள் மூன்று படி என்பது பெரிய ஆபத்து. இன்னொரு யோசனை, மலையை வெட்டிச் சமன் செய்வது. அதில் மேல்மண் போகும், மழையில் வெட்டிய கரை சரியும். இந்த இரண்டும் வேண்டாம் என்றால் என்ன வழி என்று தேடியதுதான் எங்கள் திட்டம்.

ஒரு மழைக்காலம் பார்த்தோம்

எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். வீட்டு வேலையைத் தொடங்கும் முன் ஒரு மழைக்காலம் முழுதும் நிலத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மழை பெய்யும்போதே குடையும் முளைக்குச்சியுமாக இறங்கிவிடுவேன். தண்ணீர் எங்கே கூடுகிறதோ, எங்கே ஓடுகிறதோ அங்கெல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சி. எங்கே தேங்குகிறதோ அங்கே வெள்ளைத் துணி. மழை விட்ட இரண்டாம் நாளும் ஈரம் கசிகிற இடம் இருந்தால் அதற்குத் தனிக் குச்சி. கார்த்திகை முடிவில் நிலத்தைப் பார்த்தால் தண்ணீர் தானே வரைந்து கொடுத்த வரைபடம் கண் முன்னால் இருந்தது.

அப்புறம் சரிவை அளந்தோம். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். சம உயரக் கோடு போட நம்மில் பலர் பயன்படுத்தும் ‘ஏ’ வடிவச் சட்டமும் நூல்குண்டும் இருந்தாலும் போதும். எங்களுக்கு வந்த கணக்கு, 8 அடி நடந்தால் 1 அடி இறக்கம்.

மூன்றாவது வேலை, வீடு வரக்கூடிய இடத்தில் நான்கு மூலையிலும் குழி தோண்டிப் பார்த்தது. மேல்பக்கக் குழிகளில் இரண்டரை அடியிலேயே சுக்காம்பாறை தட்டியது. கீழ்ப்பக்கத்தில் நான்கு அடி போக வேண்டியிருந்தது. அஸ்திவாரம் எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எங்கே கட்டக் கூடாது

இடம் தேர்வு செய்யும் முன் சில இடங்களைக் கழித்துவிட வேண்டும். முதல் கழிவு, ஓடையும் ஓடை வாயும். பத்து வருடமாகத் தண்ணீர் வரவில்லை என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எஃப்.எம்.பி. வரைபடம் வாங்கிப் பார்த்தால் பழைய ஓடைப் புறம்போக்கு கோடாகத் தெரியும். 2024 ஜூலை 30 விடியும் முன் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் ஓடைவழியே இறங்கிய சேறும் பாறையும் ஊரையே கொண்டு போனதை மறக்க முடியாது. அதே வருடம் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்த வீட்டின் மேல் மண்ணும் பாறையும் விழுந்து 7 பேர் இறந்தார்கள்.

அடிமரம் வில்லாக வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கும் மரங்கள் கூட்டமாக இருந்தால், நிலத்தில் பிறை போல வெடிப்பு இருந்தால், மழைக்காலத்தில் புதிதாக ஊற்று கிளம்பினால், மேலே பிடிமானம் இல்லாத உருண்டைப் பாறை உட்கார்ந்திருந்தால் அந்த இடம் வீட்டுக்கு ஆகாது. மரத்துக்கு விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் அரசின் மலைக் கிராமப் பட்டியலில் இருந்தால் ‘ஹாக்கா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும விதிகளும் உண்டு. நூல் பிடிக்கும் முன்பே ஊராட்சியில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மிச்சமிருப்பதில் எது? உச்சியில் வைத்தால் ஆடிக்காற்று ஓட்டைப் பிரிக்கும், எல்லாவற்றையும் மேலே சுமக்க வேண்டும். அடியில் வைத்தால் மலைத்தண்ணீர் முழுதும் வந்து சேரும். தவிர, ஆயிரம் வருடமாக மேலிருந்து இறங்கிய நல்ல மண் சேர்ந்து கிடப்பது அங்கேதான். அந்த மண்ணில் நெல்லும் காய்கறியும் போடலாமே தவிர வீட்டைப் போட மனசு வருமா? நாங்கள் எடுத்தது நடுப்பகுதி. அதிலும் சோளம்கூடச் சரியாக வராத சரளைப் பகுதி. விவசாயத்துக்கு ஆகாத மண் வீட்டுக்கு உறுதியான மண்ணாக இருந்தது.

சதுரமா, நீளமா?

இதுதான் கட்டுரையின் நடு முடிச்சு. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பார்க்க வந்த ஜேசிபிக்காரத் தம்பி, “ரெண்டு நாள் வண்டி ஓடுனா போதும் சார், கிரவுண்டு மாதிரி ஆக்கித் தந்துர்றேன்” என்றார். அவர் சொன்னது 60 அடிக்கு 60 அடி சமதளம். 8 அடிக்கு 1 அடி சரிவில் அதைச் செய்ய மேல்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் கொட்ட வேண்டும். மேல்கரையில் 3¾ அடி வெட்டு, கீழ்க்கரையில் 3¾ அடி மேடு. வெட்டும் மண் 3,375 கன அடி, அதாவது ஏறக்குறைய 34 யூனிட். அதில் முதல் முக்கால் அடி நம் பொன்னான மேல்மண். மேலே வெட்டிய கரைக்கு ஒரு தடுப்புச்சுவர், கீழே கொட்டிய மேட்டுக்கு ஒரு தடுப்புச்சுவர். வீட்டில் பாதி புதுமண்ணின் மேல் நிற்கும். கொட்டிய மண் இரண்டு மூன்று மழைக்குத் தாழும், சுவர் விரியும்.

நாங்கள் செய்தது வேறு. வீட்டை 20 அடி அகலம், 56 அடி நீளமாக இழுத்து, நீளப்பக்கத்தைச் சம உயரக் கோட்டோடு வைத்தோம். நம் வயலில் சம உயர வரப்பு எப்படிப் போகிறதோ அப்படியே வீடும் போகிறது. 20 அடி அகலத்துக்கு இறக்கம் இரண்டரை அடிதான். இதே பரப்பை 34 அடிக்கு 34 அடி சதுரமாகக் கட்டியிருந்தால் இறக்கம் நாலேகால் அடி ஆகியிருக்கும். வீட்டைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, நீளத்தை இறக்கத்தோடு வைத்தால் 7 அடி.

இரண்டரை அடி என்றதும் பிரச்சினை சின்னதாகிவிட்டது. மேல்பக்கத் தரையிலிருந்து 1 அடி உயரத்தில் தளம். அப்போது கீழ்ப்பக்கத்தில் பேஸ்மென்ட் மூன்றரை அடி. சராசரி 2¼ அடி. உள்ளே நிரப்ப 25 யூனிட் சரளை. சமநிலத்தில் 2 அடி பேஸ்மென்ட் போடுகிறவர்கூட 22 யூனிட் நிரப்புகிறார். சரிவுக்காக நாங்கள் கூடுதலாக நிரப்பியது 3 யூனிட்தான். வீட்டுக்குள் ஒரு படி கிடையாது. மலையில் வெட்டு கிடையாது.

இது நாங்களாகக் கண்டுபிடித்தது இல்லை. கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், சரிவில் சம உயரக் கோட்டோடு வீட்டை வைத்தால் அஸ்திவாரச் செலவும் மண்வேலையும் குறையும் என்று தன் சிறு கையேட்டில் படம் போட்டே காட்டியிருக்கிறார். சுவருக்கும் அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டைத்தான் எடுத்துக்கொண்டோம். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கல் சுமார் கால் பங்கு குறையும், நடுவில் காற்று நிற்பதால் வெயில் உள்ளே இறங்குவதும் குறையும்.

அஸ்திவாரத்தில் ஒரு கண்டிப்பு வைத்தோம். எந்தச் சுவரும் நிரப்பிய மண்ணின் மேல் நிற்கக் கூடாது. கீழ்ப்பக்கம் நான்கு அடி தோண்டி, சுக்காம்பாறை தட்டிய பிறகே கருங்கல் வைத்தோம். குறுக்குச் சுவர்களுக்கு அடிமட்டத்தைச் சாய்வாக விடாமல் படிப்படியாக வெட்டினோம். சாய்வாக விட்டால் சுவர் வழுக்கப் பார்க்கும். உள்ளே சரளையை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கினோம்.

அந்தச் சரளை எங்கிருந்து வந்தது? வீட்டுக்குக் கீழே, தள்ளி, 40 அடிக்கு 30 அடி, 5 அடி ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினோம். கரையைச் சாய்வாக விட்டதால் கிடைத்த மண் 44 யூனிட் அளவு. முதல் ஓர் அடி மேல்மண்ணைத் தனியாக எடுத்துக் காய்கறிப் பாத்திக்குக் கொடுத்தோம். 25 யூனிட் பேஸ்மென்டுக்குள் போனது. மிச்சம் குட்டையின் கரை. வெளியிலிருந்து ஒரு லோடு மண்கூட வாங்கவில்லை.

மேலே நடத்து, கீழே நிறுத்து

நாம் எல்லோரும் ‘ஓடும் நீரை நடக்க வை, நடக்கும் நீரை நிற்க வை’ என்று பேசிப் பழகியவர்கள். சரிவு என்றாலே சம உயர அகழி வெட்டக் கை துறுதுறுக்கும். வீட்டுக்கு நேர் மேலே மட்டும் அதைச் செய்யாதீர்கள். அங்கே நிறுத்திய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையின் மேல் வழுக்கி, நேராக உங்கள் அஸ்திவாரத்துக்குத்தான் வரும். சுவர் ஓதம் பூக்கும். மண் கனத்துச் சரியவும் இடம் உண்டு. எங்கள் வீட்டுக்கு மேலே 100 அடி தூரத்துக்கு நீர் நிறுத்தும் அகழி, குட்டை எதுவும் கிடையாது. அதற்கும் மேலே சம உயர வரப்பு உண்டு. அதன் வழிந்தோடிகள் வீட்டுக்கு நேராக இல்லாமல் ஓரங்களில் இருக்கின்றன.

வீட்டுக்கு மேலே ஓடி வரும் தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டால்தான் இதன் அருமை தெரியும். அரை ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். பாதி மண்ணுக்குள் போய்விட்டது என்றாலும் மீதி 50,000 லிட்டர் கீழே வரும். 10,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்தை வீட்டுக்குப் பின்னால் திறந்துவிட்டது போல.

அதற்காக வீட்டுக்கு 15 அடி மேலே ஒரு திருப்பு வாய்க்கால். ஒன்றரை அடி அகலம், ஓர் அடி ஆழம், அடியில் கல் பதித்தது. நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் 45 அடி. 100 அடிக்கு 1 அடி என்ற இறக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல் தாழ்கிறது. இதைவிட இறக்கம் குறைந்தால் வண்டல் படியும், கூடினால் வாய்க்காலையே அரிக்கும். வாய்க்காலின் கீழ்க்கரையில் வெட்டிவேர் நட்டிருக்கிறோம். இரண்டு முனையும் வீட்டைத் தாண்டி, கல் பரப்பிய மடை வழியாக மாந்தோப்பு அகழிக்கும் பண்ணைக்குட்டைக்கும் போகின்றன. வீட்டைத் தாண்டிய பிறகு தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

மழை தொடங்கும் முன் புரட்டாசியிலேயே வாய்க்காலில் சருகை வாரிவிட வேண்டும். இந்த ஒரு வேலையை மறந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

அம்மாவும் வாஸ்துவும்

கிழக்கு உயர்ந்து மேற்கு தாழ்ந்த மனை ஆகாது என்பது ஊரில் உள்ள பேச்சு. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். மேற்கில் மண்ணைக் கொட்டி உயர்த்தச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு அதில் பிடிப்பு இல்லை. ஆனால் வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவர் அம்மா. அவர் மனசில் குறை இருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. அதனால் நேராகவே கேட்டேன்.

“மேடு பள்ளம் மலை வச்சது தம்பி, அத நீ என்ன செய்வ? வாசல் மட்டும் கெழக்க பாத்து இருக்கட்டும். காலைல சூரியனக் கும்பிடணும், அம்புட்டுத்தான்” என்றார்.

கிழக்கு என்றால் மலையைப் பார்த்த பக்கம். பாதை வருவதோ மேற்கிலிருந்து. எல்லோரும் பாதையைப் பார்த்துத்தான் வாசல் வைப்பார்கள். மேற்கில் வாசல் வைத்தால் மூன்றரை அடி உயரம், ஏழு படி. கிழக்கில் வைத்தால் ஓர் அடிதான். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளத்தில் சாய்தளம் போட்டால் சக்கர நாற்காலியே ஏறும். அம்மா சாமிக்காகக் கேட்டது, அவர் கால்களுக்கும் அதுவே சரியாக இருந்தது.

வண்டிப்பாதையை மட்டும் சுற்றிவிட வேண்டியிருந்தது. கேட்டிலிருந்து வீடு நேராக 240 அடி, உயரம் 30 அடி. நேர்ப்பாதை போட்டால் மழையில் அதுவே ஓடையாகிவிடும். சரிவில் சாய்வாக 380 அடிக்கு இழுத்து, வீட்டின் தென்புறம் சுற்றி மேல்பக்கம் கொண்டு வந்தோம். சுமார் 50 அடிக்கு ஓரிடத்தில் பாதையின் குறுக்கே கல்லால் சிறு மேடு வைத்துத் தண்ணீரை ஓரத் தோப்புக்குத் திருப்பினோம். சிமென்ட் போடவில்லை, சரளைப் பாதைதான்.

வெயிலும் காற்றும்

மேற்குச் சரிவு என்பதால் மத்தியானத்துக்கு மேல் வெயில் முழுதும் எங்கள் மேல்தான். ஆனி, ஆடியில் மேல்காற்று அறையும். ஐப்பசியில் சாரல் வடகிழக்கிலிருந்து வரும். இந்த மூன்றையும் வைத்து அறைகளைப் பிரித்தோம்.

கிழக்கு வரிசை 11 அடி அகலம். தெற்கிலிருந்து சமையலறை, கூடம், இரண்டு படுக்கையறை. மேற்கு வரிசை 7 அடி அகலம். சாமான் அறை, விதையும் தானியமும் வைக்கும் அறை, குளியலறை, கழிப்பறை, நடுவில் 20 அடிக்குத் திறந்த திண்ணை. மேற்கு வெயில் சாமான் அறையையும் குளியலறையையும் தாண்டித்தான் படுக்கையறைக்கு வர வேண்டும். மே மாதம் மாலை ஐந்து மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டால் சுடும். படுக்கையறைச் சுவர் சாதாரணமாக இருக்கும். அம்மா அறையிலிருந்து கழிப்பறைக்கு ஆறு எட்டு. சுவரில் கைப்பிடி வைத்திருக்கிறோம்.

பிளானைப் பார்த்த மகன், “கூடம் 11 அடிதானாப்பா? ரயில் பெட்டி மாதிரி இருக்கும்” என்றான். திண்ணைப் பக்கக் கதவுகளைத் திறந்து வைத்தால் கூடமும் திண்ணையும் சேர்ந்து ஒன்றாகிவிடும் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாற்காலி எல்லாம் போட்டுக் காட்டினேன். நடந்து பார்த்துவிட்டுச் சரி என்றான். நீங்களும் இதைச் செய்யுங்கள். காகிதத்தில் தெரியாதது தரையில் தெரியும். அம்மாவையும் கோட்டுக்குள் நடக்க வைத்துப் பார்த்தோம். சமையலறைக் கதவு இரண்டடி நகர்ந்தது அன்றைக்குத்தான்.

கூரை மங்களூர் ஓடு. சுற்றிலும் 3 அடி இறவாணம். மேற்கே நிழலுக்குப் புங்கன் நட்டோம். 40 அடி தள்ளி நட்டால் அந்த இடம் வீட்டுத் தரையைவிட 5 அடி தாழ்வு என்பதை நினைவில் வைக்க வேண்டும். குட்டை மரம் வைத்தால் நிழல் வீட்டுக்கு வராது.

தண்ணீர், கழிவு, கொட்டகை

சரிவு தரும் இலவசம், மேலிருந்து கீழே எதையும் மோட்டார் இல்லாமல் அனுப்பலாம் என்பது. போர்த் தண்ணீர்த் தொட்டியை வீட்டுக்கு 80 அடி மேலே, 6 அடி மேடையில் வைத்தோம். தளத்திலிருந்து தொட்டியின் அடி 15 அடி உயரம். மாடியும் இல்லை, இரும்புக் கோபுரமும் இல்லை, எல்லாக் குழாயிலும் தண்ணீர் வருகிறது. 33 அடி உயர வித்தியாசம் இருந்தால் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். சொட்டுநீருக்கு அது போதும். கீழ்த் தோட்டத்துக்கு அதே தொட்டியிலிருந்து மின்சாரம் இல்லாத நேரத்திலும் பாய்கிறது.

தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. சட்டத்துக்காகச் செய்வதைவிடக் குடிப்பதற்காகச் செய்தால் அக்கறையாகச் செய்வோம். இறவாணத்தோடு சேர்த்து எங்கள் கூரை 62 அடிக்கு 26 அடி, அதாவது 150 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 100 மில்லிமீட்டர் மழைக்கு 15,000 லிட்டர். சிதறல், முதல் மழையைக் கழுவிவிடுவது எல்லாம் போக 12,000 லிட்டர் கையில் நிற்கும். சமையலறைப் பக்கம் தென்கோடியில் 20,000 லிட்டர் பெரோசிமென்ட் தொட்டி. குடிக்க, சமைக்க நாளுக்கு 50 லிட்டர் என்றால் 400 நாள் வரும்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி. ஒன்று நிரம்பினால் மற்றொன்றுக்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை ஒன்றரை இரண்டு வருடம் ஆறப்போட்டால் மக்கி மரங்களுக்கு எருவாகும். குழி கண்டிப்பாக வீட்டுக்கும் போருக்கும் கீழ்ச்சரிவில் இருக்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர் கிணறு உங்களுக்குக் கீழே இருக்கலாம், அதையும் பாருங்கள். 100 அடி தள்ளியிருந்தால் நல்லது. சமையலறை, குளியலறைத் தண்ணீர் தானாகவே இறங்கி வாழைக்குழிக்குப் போகிறது.

மாட்டுக்கொட்டகை வீட்டுக்கு வடமேற்கே, 60 அடி தள்ளி, கீழ்மட்டத்தில். மேல்காற்றும் தென்மேற்குக் காற்றும் அடிக்கும்போதும் சரி, ஐப்பசி வாடை அடிக்கும்போதும் சரி, கொட்டகை வாசம் வீட்டுக்கு வராத மூலை அதுதான். “வாயு மூலையா? நல்லது” என்று அம்மாவுக்கு அதிலும் சந்தோஷம். கொட்டகைத் தரையின் கோமியமும் கழுவிய நீரும் வாய்க்காலில் இறங்கி ஒரு தொட்டியில் சேர்கின்றன. அமிர்தக்கரைசல் அங்கேயே தயாராகி, அங்கிருந்து கீழ்வயலுக்குத் தானே போகிறது. வாளி சுமக்கும் வேலை இல்லை. வயதாகும்போது நம்மை விவசாயத்திலிருந்து விலக்குவது பெரும்பாலும் இந்தச் சுமைதான்.

மகன் வந்தால்

நீளவீட்டின் இன்னொரு வசதி, அதே சம உயரக் கோட்டில் பக்கவாட்டில் வளரும். வடகோடிச் சுவரில் ஜன்னல் வைக்கவில்லை. செங்கல்லைப் பல் பல்லாக நீட்டி விட்டிருக்கிறோம். அதற்கு அப்பால் 24 அடி இடத்தில் மரமோ குழியோ தொட்டியோ வைக்கவில்லை. திருப்பு வாய்க்காலும் அதைக் கணக்கில் எடுத்தே நீட்டியிருக்கிறது. மகன் குடும்பம் வந்தால் இரண்டு அறை சேர்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் அதில் அவரைப் பந்தல் இருக்கும். வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை, வா என்று நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் இடம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால்

புரட்டாசிக்குள் எஃப்.எம்.பி. வரைபடத்தை வாங்கி ஓடைகளைக் குறித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குச்சி நடுங்கள். மார்கழியில் ட்யூப் லெவலால் சரிவை அளந்து, நான்கு மூலையில் குழி தோண்டிப் பாருங்கள். தையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வீட்டில் உள்ள எல்லோரையும், முக்கியமாக வயதானவர்களையும் சமையல் செய்கிறவரையும், அதற்குள் நடக்க வையுங்கள். திருப்பு வாய்க்காலை முதலில் வெட்டுங்கள், அஸ்திவாரத்தை அடுத்து. கொத்தனாரிடம் பிளானைக் கொடுக்கும்போது வடக்குக்குப் போட்ட அம்புக்குறிக்குப் பக்கத்தில் தண்ணீர் போகும் திசைக்கும் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். எங்கள் கொத்தனார் அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன சார் புதுசா?” என்றார். இப்போது அவர் கட்டுகிற வீடுகளில் அவரே அதைக் கேட்டு வாங்குகிறார்.